இரும்பைத் தின்னும் காற்று

மண்டபம் ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் பெட்டிக்குள் ஒரு சலசலப்பு கிளம்பும். தூங்குகிற குழந்தையைத் தட்டி எழுப்புவார்கள். ‘பாலம் வருது, பாலம் வருது’ என்று மேல் பெர்த்தில் இருப்பவர் இறங்கி வருவார். பத்து செல்போன்களாவது ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நீளும். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் போல 17 மீட்டர் உயரத்துக்கு எழும்பும் வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த இரும்பின் மேல் பூசியிருக்கும் பெயிண்டை மட்டும் யாரும் வீடியோ எடுப்பதில்லை. எடுக்க அதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால், பழைய பாலத்தின் கதை முடிந்ததே அந்த இடத்தில்தான்.

பழைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதல் நீளம். நடுவில் கப்பலுக்கு வழிவிட, கைகூப்பிய கைகள் விரிவதுபோல இரண்டு பக்கமும் திறக்கும் தூக்குப்பாலம். அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சரின் வடிவமைப்பு அது. மோட்டார் எதுவும் கிடையாது. ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றித்தான் திறப்பார்கள்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயலைப் பற்றி ராமேஸ்வரம் தீவில் இன்றும் தாத்தா பாட்டிகள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமல் போனது. பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்களை அலை பிடுங்கி எறிந்தது. நடுவிலிருந்த தூக்குப்பாலம் மட்டும் நின்றது. பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய ஸ்ரீதரன் அப்போது இளம் பொறியாளர். கடலடியில் கிடந்த கர்டர்களைத் தேடித் தூக்கி, 46 நாட்களில் பாலத்தை மறுபடி ஓட வைத்தது அவருடைய குழு.

அப்பேர்ப்பட்ட புயலில் நின்ற அதே தூக்குப்பாலம்தான், 2022 டிசம்பரில் ‘இனி ரயில் வேண்டாம்’ என்று நிறுத்த வைத்தது. மோதிய கப்பலும் இல்லை, வீசிய புயலும் இல்லை. 108 வருடங்களாக மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சாப்பிட்டு வந்த துரு, ஒருவழியாகப் பந்தியை முடித்துவிட்டது.

புயலுக்குப் பெயர் வைக்கிறோம், எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறோம். துருவுக்குக் கூண்டு கிடையாது. அது தினமும் வேலைக்கு வருகிறது.

இரும்பு என்பது பூமியில் தானாகக் கிடைக்கிற பொருள் இல்லை. செந்நிற மண்ணாக, தாதுவாகக் கிடப்பதை உலையில் போட்டு, ஏகப்பட்ட வெப்பம் கொடுத்து, அதில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைப் பிரித்துத்தான் இரும்பு எடுக்கிறோம். வலுக்கட்டாயமாகப் பிரித்த ஜோடி அது. சந்தர்ப்பம் கிடைத்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். சேர்வதற்குத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பும் இருந்துவிட்டால் கல்யாண வேலை வேகமெடுக்கும். துரு பிடிக்கும்போது இரும்பின் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு மிகச் சிறிய மின்னோட்டம் ஓடுகிறது. நல்ல தண்ணீர் மின்சாரத்தைச் சுமாராகத்தான் கடத்தும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைந்திருக்கும் கடல்நீர் அதைத் தாராளமாகக் கடத்தும். ஈரமான இரும்பு முழுக்க ஒரு கோடிக் குட்டி பேட்டரிகள் வேலை செய்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேட்டரியும் இரும்பைத்தான் எரிபொருளாகச் செலவழிக்கிறது.

அலுமினியப் பாத்திரமும் இப்படிக் காற்றோடு சேரத்தான் செய்கிறது. ஆனால், அதன் மேல் படியும் படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, உள்ளே இருப்பதைக் காப்பாற்றிவிடும். இரும்பின் துரு அப்படிப்பட்டதல்ல. பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடுத்த அடுக்கைக் காற்றுக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

பாம்பனில் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வடகிழக்குப் பருவத்தில் ஒரு கடலிலிருந்து காற்று, தென்மேற்குப் பருவத்தில் இன்னொரு கடலிலிருந்து. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாலத்தில் ரயிலுக்குச் சிக்னலே கிடைக்காது. அந்த வேகத்தில் வரும் காற்று சும்மா வருவதில்லை. அலை உடைந்து சிதறும் நீர்த்துளிகளையும், அவை காய்ந்தபின் மிஞ்சும் உப்புத் தூளையும் சுமந்துகொண்டு வருகிறது. கடலோரத்தில் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு இது தெரியும். அரை மணி நேரம் நின்றால் கண்ணாடி மங்கிவிடும். துடைத்த விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். உலகிலேயே துரு அதிகம் பிடிக்கும் இடங்களில் பாம்பனுக்கு இரண்டாம் இடம் என்று செய்திகளில் அடிக்கடி வரும். இரண்டாம் இடமோ, ஏழாம் இடமோ, இரும்புக்கு ரேங்க் கார்டு பற்றிய கவலை இல்லை.

கடலுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக இரும்பு அழியும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. எப்போதும் மூழ்கியே இருக்கும் இரும்புக்கு ஆக்சிஜன் அளவாகத்தான் கிடைக்கும். பாதுகாப்பு எதுவும் இல்லாவிட்டாலும் வருடத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் அரித்தால் அதிகம். சேற்றுக்குள் புதைந்த பகுதி அதைவிடப் பத்திரம். ஆபத்தான இடம், அலை வந்து மோதித் திரும்பும் மட்டத்துக்குச் சற்று மேலே. நனையும், காயும், மறுபடி நனையும். உப்பும் உண்டு, காற்றும் தாராளம். அங்கே மூன்று மடங்கு, ஐந்து மடங்கு வேகத்தில்கூட அரிக்கும். துறைமுகத்துக்குப் போனால் இரும்புத் தூண்களைக் கவனித்துப் பாருங்கள். தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குத்தான் தூண் அதிகம் மெலிந்து, செதில் செதிலாக வீங்கி நிற்கும்.

இதற்கு முதல் வைத்தியம் பெயிண்ட். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. தீபாவளிக்குக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோமே, அதுபோலத்தானே?

இல்லை. கடல்பாலத்தில் பெயிண்ட் அடிப்பவரின் உழைப்பில் பெரும்பங்கு, டப்பாவைத் திறப்பதற்கு முன்பே செலவாகிவிடும். முதலில் பழைய துருவைச் சுரண்ட வேண்டும். சுத்தியல், கம்பி பிரஷ், உப்புத்தாள். (உப்பு செய்த வேலையைச் சுரண்டி எடுக்கும் தாளுக்குத் தமிழில் உப்புத்தாள் என்று பெயர் வந்தது தனி வேடிக்கை.) பெரிய வேலை என்றால், அழுத்தமான காற்றோடு மணல் போன்ற துகள்களை அடித்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உரிக்கிறார்கள். இரும்பு பளபளவென்று ஆகிவிட்டது என்று அத்தோடு விட்டால் மோசம். கண்ணுக்குத் தெரியாத உப்பு அதன் மேல் ஒட்டியிருக்கும். நல்ல தண்ணீரால் கழுவியாக வேண்டும். கழுவாமல் அடித்த பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பு, வெளியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சில மாதங்களில் பெயிண்ட் அம்மைபோலக் கொப்புளிக்கும். எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் என்றாலும் இதுதான் கதி.

நேரமும் பார்க்க வேண்டும். விடியற்காலையில் இரும்பின் மேல் பனி வியர்த்திருக்கும். அப்போது அடிக்கக் கூடாது. வெயில் ஏறி ஈரம் காய்ந்தபின் தொடங்கினால், பிற்பகல் காற்று புது உப்பைக் கொண்டுவந்து கொட்டும். சுத்தம் செய்த இடத்தை அன்றைக்கே மூடிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், நாளைக்கு அது மஞ்சள் பூசிக் குளித்திருக்கும். இதற்கிடையில் ரயில் வரும். ஆள் ஒதுங்கி நிற்க வேண்டும். கீழே கடல், இடுப்பில் கயிறு.

அனுபவசாலியான பெயிண்டர் அகலமான தட்டையான பகுதியில் ஆரம்பிக்க மாட்டார். முதலில் சின்ன பிரஷை எடுத்துக்கொண்டு ஓரங்கள், போல்ட் தலைகள், ரிவெட்டுகள், மூலைகள் என்று ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். கூர்மையான ஓரத்தில் பெயிண்ட் தங்காமல் இரண்டு பக்கமும் வழிந்து மெலிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். துரு எப்போதும் அங்கேதான் கதவைத் தட்டும். மேற்பார்வைக்கு வருபவர் தூரத்தில் நின்று பார்த்தால், ஓரத்துக்கு அடித்ததும் அடிக்காததும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் தெரிய மூன்று மழைக்காலம் ஆகும். அதற்குள் அந்த ஒப்பந்தத்துக்குப் பில் பாஸாகியிருக்கும். இந்தத் தொழிலின் நேர்மை முழுக்க அந்தச் சின்ன பிரஷில்தான் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் 1890-ல் திறந்த ஃபோர்த் ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள், தொடங்கிய முனை துருப்பிடித்துவிடும் என்று அந்த ஊரில் கேலி பேசுவார்கள். 2002-ல் தொடங்கி 2011 வரை அந்தப் பாலத்தைப் பழைய பெயிண்ட் போக உரித்து, கண்ணாடிச் செதில்கள் கலந்த எப்பாக்ஸியைப் பூசினார்கள். 25 வருடங்களாவது தாங்கும் என்பது கணக்கு. குளிர்நாட்டுக் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் வெயிலில் பெயிண்ட் இன்னும் சீக்கிரம் வெளிறி, பொடியாக உதிரும்.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் இரும்புக்குப் பிரஷோடு போக முடியாது. அங்கே வேறொரு தந்திரம். இதைக் கண்டுபிடித்தவரின் கதை சுவாரஸ்யமானது.

200 வருடங்களுக்கு முன் பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல்கள் மரத்தால் ஆனவை. மரத்தைப் புழு துளைக்காமலிருக்க அடிப்பாகத்தில் செப்புத் தகடு அடித்திருந்தார்கள். கடல்நீரில் செம்பு அரித்தது, செலவு தாங்கவில்லை. ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியல் அறிஞரிடம் போனார்கள். 1824-ல் அவர் சொன்ன வழி எளிமையானது: செம்போடு சேர்த்து ஒரு சின்ன துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ தொடும்படி பொருத்துங்கள். கடல் அந்தத் துண்டைத் தின்னும், செம்பைத் தொடாது. பரிசோதித்தார்கள். செம்பு அரிக்கவே இல்லை.

ஆனால், கப்பல் நகர மறுத்தது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததுதான், கப்பலடியில் பாசியும் சிப்பி வகைகளும் ஒட்டி வளராமல் விஷமாக இருந்து தடுத்திருக்கிறது. செம்பு கரைவது நின்றதும் அவை குடும்பத்தோடு குடியேறிவிட்டன. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது. டேவிக்கு அது பெரிய அவமானமாகப் போனது.

அவருடைய அறிவியல் மட்டும் தப்பவில்லை. கப்பல்கள் இரும்புக்கு மாறியதும் அந்தத் துண்டுக்கு மவுசு வந்தது. இன்று இரும்புக் கப்பலின் அடியில், புரொப்பல்லருக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பார்க்கலாம். மும்பை ஹை போன்ற எண்ணெய் வயல்களில் கடலுக்குள் நிற்கும் மேடைகளின் கால்களில் இதே வேலையை அலுமினியக் கலவைக் கட்டிகள் செய்கின்றன. இரும்பைவிடச் சீக்கிரம் கரையும் உலோகத்தைப் பக்கத்தில் வைத்தால், குட்டி பேட்டரிகள் எல்லாம் இரும்பை விட்டுவிட்டு அதைத் தின்னப் போய்விடும். கட்டி கரைந்து தீரும்வரை இரும்புக்கு ஆயுசு கெட்டி. தீர்ந்ததும் புதிது மாட்ட வேண்டும். கரையாமல் புத்தம் புதிதாகவே ஒரு கட்டி இருந்தால் சந்தோஷப்படக் கூடாது. அது இரும்போடு சரியாகத் தொடர்பில் இல்லை, வேலையே செய்யவில்லை என்று பொருள். சில துறைமுகங்களில் கட்டிக்குப் பதிலாக, கரையிலிருந்து மெல்லிய மின்சாரத்தைத் தொடர்ந்து அனுப்பியும் இதே பாதுகாப்பைக் கொடுக்கிறார்கள். அதில் ஒரு சங்கடம், மின்சாரம் நின்றால் காவலும் நின்றுவிடும். அளவுக்கு மீறி அனுப்பினாலோ பெயிண்டே உரிந்து வரும்.

இந்தத் தந்திரம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். தண்ணீரைச் சேர்த்து வைத்துச் சுடவைக்கும் கீசர் பலவற்றின் உள்ளே மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். சர்வீஸுக்கு வருபவர் அதை வெளியே எடுத்தால், கரும்புச் சக்கைபோல அரித்துக் கிடக்கும். ‘ஐயோ, மட்டமான பொருளைப் போட்டு ஏமாத்திட்டாங்க’ என்று கோபப்பட வேண்டாம். டேங்க் அரிக்காமலிருக்கத்தான் அது அரித்துப்போனது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் அதைச் சீக்கிரமே பார்த்து மாற்றினால் கீசர் பிழைக்கும்.

கடலோர வீடுகளில் இன்னொன்றும் பார்த்திருப்பீர்கள். ஜன்னலுக்கு மேலே உள்ள சன்ஷேடில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளித்துக்கொண்டிருக்கும். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும்வரை கம்பிக்குத் துரு பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மை அதன் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். உப்பு கசிந்து உள்ளே போனதும் அந்தப் படலம் உடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்தே வீங்கி, கான்கிரீட்டைப் பிளக்கும். வெளியிலிருந்து பூசி மறைத்தால் ஆறு மாதம் அழகாக இருக்கும். கடல்மணலில், உப்பு போர்த் தண்ணீரில் கலந்து கட்டிய வீடென்றால், உப்பு வெளியிலிருந்து வரவே வேண்டாம். கிரகப்பிரவேசத்தன்றே உள்ளே குடியிருக்கும்.

இதையெல்லாம் சோதித்துப் பார்ப்பதற்கு நம் ஊரிலேயே ஓர் இடம் உண்டு. காரைக்குடியில் கடல் இல்லை. ஆனால், இந்தியாவின் துரு ஆராய்ச்சிக்குத் தலைமையிடம் அதுதான். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு அரண்மனை வீடுகளைப் பார்க்க வருபவர்களில் எத்தனை பேர் அந்தக் கேட்டைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. அந்த நிறுவனத்துக்கு மண்டபத்தில் கடலோர ஆய்வு நிலையம் இருக்கிறது. இதுபோன்ற நிலையங்களில் நடக்கும் வேலையைச் சினிமாவாக எடுக்க முடியாது. உலோகத் தகடுகளை எடை போட்டு, பெயிண்ட் பூசியும் பூசாமலும், சட்டங்களில் வரிசையாக மாட்டிக் கடலைப் பார்க்க வைப்பார்கள். பிறகு காத்திருப்பார்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில். எடுத்து, துருவைக் களைந்து, மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடைதான் காற்று தின்ற கணக்கு. எந்தப் பெயிண்ட் கம்பெனியின் விளம்பரத்தையும்விட அந்தத் தகடு சொல்வது நம்பகமானது.

புதிய பாம்பன் பாலத்தில் இந்த அனுபவம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. இரும்பின் மேல் முதலில் துத்தநாகத்தை உருக்கித் தெளித்து, அதன் மேல் எப்பாக்ஸி, அதற்கும் மேலே வெயிலைத் தாங்கும் பாலிசிலாக்சேன் என்று அடுக்கு அடுக்காகப் பூசியிருக்கிறார்கள். மேலே கீறல் விழுந்தாலும் அடியிலுள்ள துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். டேவியின் துண்டு, பாலம் முழுக்கப் படலமாக விரிந்திருக்கிறது என்று சொல்லலாம். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. பழைய பாலத்தில் ரிவெட்டுகளின் இடுக்குகளில் உப்புத் தண்ணீர் தேங்கும். இதில் முழுக்க வெல்டிங், இடுக்குகள் குறைவு.

நல்ல ஏற்பாடுதான். ஆனாலும், பராமரிப்புச் செலவு குறையும் என்ற பேச்சைக் கேட்கும்போது கொஞ்சம் பயம் வருகிறது. குறையும் என்பது, இல்லை என்று ஆகிவிட நம் ஊரில் அதிக காலம் பிடிக்காது. திறப்புவிழாவுக்குத் தலைவர்கள் வருவார்கள். பத்தாம் வருட டச்-அப்புக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. நடுப்பகுதியைத் தூக்கும் கயிறுகள், கப்பிகள், அவை உராயும் இடங்கள், பறவைகள் உட்கார்ந்து எச்சமிடும் மூலைகள், ஆட்கள் நடந்து நடந்து பெயிண்ட் தேயும் நடைபாதை என்று, எந்தப் பூச்சும் முதலில் தோற்கும் இடங்கள் எவை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தோல்வி தொடங்குவதும் சத்தமில்லாமல்தான். வெளிர் பெயிண்டின் மேல் டீ சிந்தியதுபோல ஒரு பழுப்புக் கோடு வழிந்திருக்கும். பாலத்தில் நடந்துபோகும் ஊழியர் அதைப் பார்த்து, சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்வார். அந்த வாரமே ஒருவர் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, சின்ன பிரஷால் மூடினால் அரை லிட்டர் பெயிண்டோடு முடிந்துவிடும் வேலை. அடுத்த நிதியாண்டு டெண்டரில் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது ஃபைலில் எழுதினால், நடுவில் ஒரு வடகிழக்குப் பருவமும் ஒரு தென்மேற்குப் பருவமும் வந்து போய்விடும்.